நீக்கப்பட்ட ஆறாம் வரிசை

பிப்ரவரி 4

அன்புள்ள குளவிக்கு,

நலம். உன் நலத்தையும் மாப்பிள்ளையின் நலத்தையும் அறிய விரும்புகிறேன் என்று எழுதுவது வழக்கம். இம்முறை அது வழக்கத்துக்காக எழுதப்பட்டதல்ல. நீ இருக்கும் தலைநகரின் சதுக்கத்தில் மக்கள் கூடியிருப்பதையும், ஆட்சியாளர் விலக வேண்டும் என்று கோருவதையும், சுற்றிலும் ராணுவ வண்டிகள் நிற்பதையும் இங்குள்ள தொலைக்காட்சி நாள் முழுவதும் காட்டுகிறது. உன் கண் மருத்துவமனை அந்தச் சதுக்கத்துக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. திரும்பி வா என்று சென்ற மாதம் எழுதினேன். "கண் போறவங்க வரிசையில நிக்கிறாங்க, நர்ஸ் லீவு போடுற நேரமா இது" என்று ஒரே வரியில் பதில் அனுப்பினாய். அந்த வரியை நான் பதிலாக ஏற்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இங்கே அதிபர் தேர்தல் நெருங்குகிறது. எங்கள் வாக்காளர் மன்றம் ஒவ்வொரு தேர்தலுக்கும் போல இம்முறையும் ஒப்பீட்டு அட்டவணை வெளியிடுகிறது. இடப்பக்கப் பத்தியில் ஒரு வேட்பாளரான டாக்டர், வலப்பக்கத்தில் மற்றவரான கப்பல்காரர், நடுவில் ஒரு கோடு. எந்தக் கட்சியையும் சேராத நாலு பேர் செய்யும் காரியம் என்பதால் ஊர் அதை நம்புகிறது. வாசகத்தைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. இம்முறை ஒரு தாள் முழுவதும், வெளிநாடுகளில் மக்கள் ஆட்சி கேட்டு எழும்போது இவர்கள் என்ன செய்வார்கள் என்பதைப் பற்றியது. நகலை இணைத்துள்ளேன்.

சுருக்கம் இது. டாக்டர், நம் தூதரைத் திரும்ப அழைக்க வேண்டும், போராட்டக்காரர்களின் குழுவை அங்கீகரிக்க வேண்டும், ஆட்சியாளர் குடும்பம் இங்கே வாங்கிப் போட்டிருக்கும் சொத்துகளை முடக்க வேண்டும் என்கிறார். கப்பல்காரர், அது அவர்கள் வீட்டுச் சண்டை என்கிறார். நம் குடிமக்களைப் பத்திரமாக அழைத்து வருவதும் துறைமுகப் போக்குவரத்தைக் காப்பதும் நம் வேலை, அதற்கு மேல் அறிவுரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறார்.

நான் பெருமைப்படும் இடம் ஐந்தாம் வரிசை. முன்பு பக்கத்து மலைநாட்டில் மக்கள் எழுந்தபோது இருவரும் பேசியதைத் தேடி எடுத்தேன். அன்று 'வீட்டுச் சண்டை' என்றவர் டாக்டர். அப்போது அவர் கட்சி ஆட்சியில் இருந்தது. 'மக்கள் பக்கம் நில்' என்று மேடையில் முழங்கியவர் கப்பல்காரர். அந்நாட்டுச் சரக்கு அப்போது அவருடைய போட்டியாளரின் கப்பல்களில் போய்க்கொண்டிருந்தது. இருவர் சொற்களையும் எதிரெதிரே வைத்தேன். கருத்து எதுவும் சேர்க்கவில்லை. மன்றத் தலைவியான ஓய்வுபெற்ற தலைமையாசிரியை படித்துவிட்டு, "வக்கீல் சார், ரெண்டு பேரையும் ஒரே பிரம்பால அடிச்சிருக்கீங்க" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

படித்துவிட்டுத் தவறு ஏதும் இருந்தால் எழுது. ஜன்னல் பக்கம் படுக்காதே.

அண்ணன்

பிப்ரவரி 13

தராசு அண்ணாவுக்கு,

ஜன்னல் பக்கம் படுக்கவில்லை. ஜன்னல் என்று ஒன்று இப்போது இல்லை. கண்ணாடி உடைந்த இடத்தில் இவர் அட்டை ஒட்டி வைத்திருக்கிறார். டிராம் ஓட்டுகிறவருக்கு டிராம் ஓடாத காலத்தில் வேறு என்ன வேலை. டிப்போ முழுக்க வேலைநிறுத்தம். காலையில் அட்டை ஒட்டுகிறார், மாலையில் சதுக்கத்துக்குப் போகிறார்.

இணையத்தை அறுத்துவிட்டார்கள். அஞ்சலை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். அரசாங்க நோட்டீசெல்லாம் வீடுவீடாகப் போக வேண்டுமல்லவா. உறையைப் பிரித்துப் படிப்பதாகப் பேச்சு. தமிழ் தெரிந்த போலீஸ்காரர் யாராவது இதைப் படித்தால் அவருக்கும் என் வணக்கம்.

உன் அட்டவணையைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. என் கல்யாணத்தின்போது இவரைப் பற்றி இரண்டு பத்தி போட்டு அப்பாவிடம் கொடுத்தாயே, 'சாதகம்', 'பாதகம்' என்று, அதே அழகு. அந்த ஐந்தாம் வரிசையைப் படித்து நானே சிரித்தேன். இவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், இவரும் சிரித்தார். பிறகு இவர் கேட்டார்: "இந்தக் குண்டு பற்றி எங்கே எழுதியிருக்கிறது?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

இங்கே கண்ணீர்ப்புகைக் குண்டு அடிக்கிறார்கள். வானத்தை நோக்கி அடித்தால் புகை. முகத்தை நோக்கி அடித்தால் அது வெறும் இரும்பு. என் வார்டில் படுத்திருப்பவர்களெல்லாம் இரும்பு வாங்கியவர்கள். சதுக்கத்திலிருந்து ஒரு வெற்றுக் கூட்டை ஒரு பெண் எடுத்து வந்தாள், டாக்டர்கள் பார்த்தால் என்ன ரசாயனம் என்று தெரியுமே என்று. நான் கையில் வாங்கித் திருப்பினேன். அடிப்பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் நாரை. நம் ஏரிக்கரைத் தொழிற்சாலை பஸ்ஸின் பக்கவாட்டில், பள்ளிக்கூடம் போகிற வழியில் நாம் பார்த்த அதே நாரை. அதற்கு நீ டாட்டா காட்டுவாய்.

நெட்டை அறுப்பதற்கு முன் இருவர் பேட்டியையும் நான் பார்த்தேன் அண்ணா. அந்தத் தொழிற்சாலையின் குண்டு ஏற்றுமதி உரிமம் தேர்தலுக்குப் பிறகு முடிகிறது, நீட்டிப்பீர்களா என்று கேட்டதற்கு இரண்டு பேரும் நீட்டிப்போம் என்றார்கள். உன் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? ஊரில் ஒரு கமா இடம் மாறினாலும் உனக்குத் தெரியும்.

மறந்துவிட்டாயா, மறைத்துவிட்டாயா? ஒரு வார்த்தையில் எழுது.

குளவி

பிப்ரவரி 22

குளவிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை தங்கையின் கடிதமாக. இரண்டாம் முறை எதிர்த்தரப்பு நோட்டீஸாக. இரண்டாம் வாசிப்புக்குத்தான் என்னால் பதில் எழுத முடிகிறது.

எனக்குத் தெரியும். உரிமம் பற்றிய செய்தி என் முதல் வரைவில் ஆறாம் வரிசையாக இருந்தது. அதை நீக்கியவனும் நானே. ஆகவே மறதியும் இல்லை, மறைப்பும் இல்லை.

உரிமையியல் வழக்கில் ஒரு தரப்பு சொல்லி மறுதரப்பு மறுக்கும் விஷயத்தை மட்டுமே நீதிபதி தீர்மானிக்க வேண்டிய கேள்வியாக வனைவார். எழுவினா என்பது அதன் பெயர். இருவரும் ஒப்புக்கொண்ட சங்கதிக்கு எழுவினா கிடையாது. அதைப் பற்றி வாதாடுவது நீதிமன்றத்தின் நேரத்தை வீணாக்குவது. அந்த நடைமுறையைத்தான் மன்றத்துக்கும் விதியாக எழுதிக் கொடுத்தேன். வேட்பாளர்கள் வேறுபடும் இடங்களை மட்டுமே அட்டவணை காட்டும். ஒத்துப்போகும் இடத்தில் வாக்காளர் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. உரிமம் பற்றி இருவரும் சொன்னது, 'கையெழுத்தான ஒப்பந்தத்தை மதிப்போம்.' ஒரே வாக்கியத்தை இரு பத்தியிலும் போட்டால் படிப்பவர் அச்சுப் பிழை என்று நினைப்பார்.

தலைமையாசிரியை அம்மா கேட்கவே செய்தார். "இதை ஏன் சார் எடுத்தீங்க?"

"ரெண்டு பேரும் ஒரே பதில்தானேம்மா."

"ஒரே பதில்னா காப்பி அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். என் கிளாஸ்ல அதுக்குத்தான் முதல்ல கூப்பிட்டு விசாரிப்பேன்."

எல்லோரும் சிரித்தோம். விதியைப் படித்துக் காட்டினேன். ஏற்றுக்கொண்டார்.

மேலும், அந்தத் தொழிற்சாலையை நம்பி ஊரில் பாதிக் குடும்பங்கள் இருக்கின்றன. நம் சித்தப்பா மகனே அங்கே பேக்கிங் பிரிவில் மேற்பார்வையாளன். அவர்கள் விற்பது சட்டப்படியான பொருள். அதை வாங்கியவன் யார் முகத்தை நோக்கிச் சுடுகிறான் என்பதற்கு விற்றவன் பொறுப்பா என்பது விவாதத்துக்குரியது. நாளை யாராவது அந்த விவாதத்தை எழுப்ப வேண்டுமானால் ஆதாரம் வேண்டும். முத்திரையை நீயே கண்ணால் கண்டதாக எழுதியிருக்கிறாய், நல்லது. எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள்? ஆட்களை நோக்கிச் சுட்டதை யார் பார்த்தார்? கலைந்து போக முன்னறிவிப்பு தரப்பட்டதா? மருத்துவமனைப் பதிவு உண்டா? காயப்பட்டவர்களுக்கும் உனக்கும் உறவோ பகையோ உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை எந்தச் சாட்சியிடமும் கேட்பது முறை. உன்னை அவமதிப்பதாக நினைக்காதே.

'மறைத்துவிட்டாயா' என்ற சொல் என்னைச் சுட்டது. பொய் சொல்லாமல் வாழ்வதையே தொழிலாக வைத்திருப்பவனிடம் கேட்கும் கேள்வி அல்ல அது. நீ அதைத் திரும்பப் பெறலாம்.

அண்ணன்

மார்ச் 5

கனம் நீதிபதி அவர்களுக்கு,

தாங்கள் கேட்ட கேள்விகளுக்குச் சாட்சி பதில் சொல்கிறாள். குறுக்கே பேசாமல் கேட்கவும்.

தூரம், எங்கள் மருத்துவமனை வாசலிலிருந்து எதிர்ச்சாரி மருந்துக்கடை வரை. நீ இங்கே வந்தபோது சிகரெட் குடிக்கக் கூடாது என்று ஒருவரோடு சண்டை போட்டாயே, அந்த இடம். அங்கிருந்து ஒருவர் கூப்பிட்டால் இங்கே திரும்பிப் பார்ப்போம். அவ்வளவுதான்.

பார்த்தது நான். ஸ்ட்ரெச்சர் கொண்டுவர வாசலுக்கு வந்தேன். அவன் துப்பாக்கியை மேலே தூக்கவில்லை. தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுட்டான். குறி பார்ப்பதற்கு ஒரு கண்ணை மூடுகிறவனைப் பார்த்திருக்கிறாயா? நான் பார்த்தேன்.

முன்னறிவிப்பு தரப்பட்டது. ஒலிபெருக்கியில் 'வீட்டுக்குப் போங்கள்' என்றார்கள். போவதற்காக முதுகைத் திருப்பியவர்களுக்குப் பின்தலையில் பட்டது. என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்த்தவர்களுக்குக் கண்ணில் பட்டது.

மருத்துவமனைப் பதிவு உண்டு. 'கீழே விழுந்ததால் ஏற்பட்ட காயம்' என்று எழுதச் சொல்லி ஆள் வந்து நின்றான். எங்கள் பெரிய டாக்டரம்மா எழுதவில்லை. அவரை இப்போது வேலையில் காணோம்.

உறவோ பகையோ உண்டா என்று கேட்டாய். உண்டு. கீழே விழுந்தவருக்கு நான் மனைவி.

இவருடைய இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். எடுக்கும்போது பக்கத்தில் கத்தி எடுத்துக் கொடுத்தது நான். வேறு நர்ஸ் இல்லை. மயக்க மருந்து தீரும்போது இவர் தமிழில் திட்டினார். இவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் நான் கோபத்தில் பேசிக் கற்றுக்கொண்டதுதானே. "மானங்கெட்ட பயலுங்க, மானங்கெட்ட பயலுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஸ்ட்ரெச்சருக்குக் கீழே கிடந்த கூட்டை எடுத்துப் பார்த்தேன். உன் நாரை.

இப்போது நான் பேசுகிறேன். உன் டாக்டர் எங்களுக்காகக் கண்ணீர் விடுகிறார். உன் கப்பல்காரர் எங்களை எட்டிப் பார்க்கவே மாட்டார். வித்தியாசம் பெரிய வித்தியாசம்தான், நடுவில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறாய். ஆனால் கல்லாவில் உட்காரும்போது ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நாக்கு, அதுவும் வாடகை நாக்கு. அடுத்தவன் கண்ணைப் பிடுங்கி விற்றுத் தின்கிற ஜென்மங்கள். அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் விஷயத்தையெல்லாம் ஊருக்குக் காட்டினாய். கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஒரே விஷயத்தை ஒப்புக்கொண்ட சங்கதி என்று அழித்துவிட்டாய். அவர்கள் கேட்டிருந்தால்கூட இவ்வளவு நல்ல உதவி கிடைத்திருக்காது.

இந்த மாதக் கடைசியில் உங்கள் மன்றம் இருவரையும் ஒரே மேடையில் ஏற்றுகிறது என்றும் கேள்வி கேட்பவன் நீதான் என்றும் பொங்கிப் பொங்கி எழுதியிருந்தாயே புத்தாண்டில். கேள். இந்த ஒரு கேள்வியைக் கேள். அங்கே நீ கேட்காவிட்டால் இங்கே எனக்கு அண்ணன் கிடையாது.

சொல்லைத் திரும்பப் பெறவில்லை.

மார்ச் 14

என் தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்று நீதிமன்றத்தில் ஒரு வாய்தா கேட்டேன். இருபது ஆண்டுகளில் என் சொந்தக் காரணத்துக்காக நான் கேட்ட முதல் வாய்தா. காரணம் கேட்டார் நீதிபதி. 'குடும்ப விஷயம்' என்று மட்டும் சொன்னேன்.

மாப்பிள்ளைக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இங்கே கண் அறுவை நிபுணர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். இருவருக்கும் பயண அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைக் கேட்டபின் நீ படிப்பதை நிறுத்திவிடக்கூடும் என்பதால்.

மன்றத்தின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினேன். ஆறாம் வரிசையைச் சேர்த்து அட்டவணையை மறுபதிப்பு செய்ய வேண்டும், மேடையில் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும் என்று முன்மொழிந்தேன். உறுப்பினரான பத்திரிகைக்காரர் என் விதியை எடுத்து என்னிடமே வாசித்தார். "வேறுபடும் இடங்களை மட்டுமே. இது உங்க வாசகம்தானே சார்? நாங்க ஒண்ணும் சேர்க்கலையே."

தவறான விதி என்றேன். "போன மாசம் சரியா இருந்துச்சே. இந்த மாசம் என்ன ஆச்சு?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருந்தது. என் தங்கையின் கணவர் அந்தக் குண்டினால் கண்ணை இழந்தார் என்று சொன்னேன். தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். பத்திரிகைக்காரர் மெதுவாக, "அப்ப நீங்க எப்படி சார் நடுவுல உட்கார முடியும்?" என்றார்.

முடியாது. இதுவும் நான் எழுதிய விதியே. ஒரு பொருளில் தனிப்பட்ட பாதிப்பு உடையவர் அந்தப் பொருளில் நடுவராக இருக்கக் கூடாது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக எவரும் அமரலாகாது என்பதை உடைத்தால், பிறகு என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை. ஆகவே விலகல் கடிதம் கொடுத்தேன். மேடையில் பத்திரிகைக்காரர் கேள்வி கேட்பார். ஆறாம் வரிசை பற்றிய தீர்மானம் தோற்றது.

நீ கோபப்படுவாய். முறையாகத்தான் நடந்துகொண்டேன் என்பதை மட்டும் நீ ஏற்க வேண்டும்.

அண்ணன்

மார்ச் 22

விலகல் கடிதம் கொடுத்தீர்களாம். கை தட்டினேன். இவர் எதற்கு என்று கேட்டார். என் அண்ணன் மிகவும் யோக்கியமானவர் என்று சொன்னேன்.

ஒன்று புரியவில்லை, படித்தவர் விளக்கலாம். என் வார்டில் படுத்திருந்தவர்கள் யாரோவாக இருந்தபோது, உங்களுக்குச் சம்பந்தமில்லை என்பதால் கேட்கவில்லை. இவராக ஆனபோது, சம்பந்தம் வந்துவிட்டது என்பதால் கேட்கக் கூடாது. ஊரான் கண் போனால் அக்கறை இல்லை, உறவுக்காரன் கண் போனால் உரிமை இல்லை. அப்படியானால் கேட்பது யார்? கண் போகாதவனும் வேண்டாம், போனவனும் வேண்டாம் என்றால், சுட்டவனைத்தான் கூப்பிட்டுக் கேட்கச் சொல்ல வேண்டும்.

பயண அனுமதி வேண்டாம். டாக்டரம்மா இல்லாத வார்டை விட்டு நான் வரமாட்டேன். இவர் மறுபடி டிப்போவுக்குப் போகிறார். ஒரு கண்ணோடு டிராம் ஓட்ட விடமாட்டார்கள், ஆனால் வேலைநிறுத்தம் செய்ய ஒரு கண் போதுமாம்.

இனி எழுத வேண்டாம்.

ஏப்ரல் 2

குளவி,

எழுத வேண்டாம் என்றாய். இந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்ப உனக்கு உரிமை உண்டு.

உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சட்டப் புத்தகங்களில் தேடவில்லை என்று சொன்னால் பொய்யாகும், தேடினேன். பிறகு மன்றத்தின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தேன். கடைசியில் 'பொதுமக்கள் கேள்விகள்' என்றொரு பகுதி இருந்தது. அங்கே நிற்பவர் நடுவர் அல்ல. அவர் யாருக்கு உறவு, யாருக்குப் பகை என்று எவரும் கேட்கமாட்டார். கோட் போடாமல், டை கட்டாமல், மைக் முன் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர் தம் தெருச் சாக்கடையைப் பற்றிக் கேட்டார். இரண்டு வேட்பாளர்களும் சாக்கடையைப் பற்றி மிக ஆழமாக வேறுபட்டார்கள்.

என் முறை வந்தது. முதலில் என் உறவைச் சொன்னேன். பிறகு, "நீங்கள் தூதரைத் திரும்ப அழைப்பீர்கள், இவர் அழைக்கமாட்டார். சரி. நாரை முத்திரை போட்ட குண்டை அனுப்புவதை உங்களில் யார் நிறுத்துவீர்கள்?" என்று கேட்டேன்.

டாக்டர் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். "உங்கள் குடும்பத்துக்கு என் ஆழ்ந்த வருத்தம். ஆனா கையெழுத்தான ஒப்பந்தத்தை மதிக்க வேண்டியது ஒரு பொறுப்பான நாட்டோட கடமை."

கப்பல்காரர் மைக்கைப் பக்கத்தில் இழுத்து, "டாக்டர் சொன்னதேதான்" என்றார்.

அந்தத் தேர்தல் முழுவதிலும் ஒருவர் மற்றவரை ஆமோதித்தது அந்த ஒரு முறைதான். அதைத் தாங்களே காதால் கேட்டபோது இருவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார். அப்போது எனக்கு வந்த கோபம், குளவி, நான் பழகாத கோபம். வழக்கு தோற்கும்போது வருவது வேறு. அது வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டால் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. "அப்ப நீங்க ரெண்டு பேரும் எதுக்குத் தனித்தனியா நிக்கிறீங்க? ஒரே ஆளா நின்னா எங்களுக்கு ஒரு ஓட்டுப் பெட்டி மிச்சம்" என்று கத்தினேன். நான் கத்தினேன். மைக்கை அணைத்துவிட்டார்கள். அணைத்த பிறகும் கேட்டதாகத் தலைமையாசிரியை சொன்னார்.

வெளியே தொழிற்சாலை ஆட்கள் நின்றிருந்தார்கள். சித்தப்பா மகன் முன்னால் வந்தான். "அண்ணே, வெளியூர்க்காரனுக்காக எங்க வயித்துல அடிக்கிறீங்களே."

"வெளியூர்க்காரன் இல்லடா, நம்ம வீட்டு மாப்பிள்ளை. நீ பேக் பண்ணின பெட்டிதான்" என்றேன்.

"நான் பேக் பண்றது பெட்டிய. யார் மூஞ்சிக்குப் போகுதுன்னு என்கிட்ட சொல்லிட்டா அனுப்புறாங்க?" என்றான். கோபமாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். மறுநாள் என் அலுவலகப் பலகையில் யாரோ தார் பூசியிருந்தார்கள். துடைக்கவில்லை.

தலைமையாசிரியை, தம் பெயரில், மன்றத்தின் பெயரில் அல்லாமல், அட்டவணையை மறுபடி அச்சிட்டிருக்கிறார். ஆறாம் வரிசை இருக்கிறது. அந்த ஒரு வரிசைக்கு மட்டும் நடுக்கோடு இல்லை. பதில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே வாக்கியமாக ஓடுகிறது. ஒரு பிரதி வைத்திருக்கிறேன்.

அண்ணன்

மே 19

குளவிக்கு,

பதில் வரவில்லை. எதிர்பார்த்ததுதான். அலுவல் காரணமாக எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

டாக்டர் வென்றார். பதவியேற்ற வாரத்திலேயே, சொன்னபடி உங்கள் தலைநகரிலிருந்து தூதரைத் திரும்ப அழைத்தார். அதே வாரம் உரிமத்தையும் நீட்டித்தார், அதுவும் சொன்னபடிதான். தூதர் இங்கே வந்து இறங்கினார். குண்டுகள் அங்கே போய் இறங்குகின்றன. வாக்குத் தவறாத மனிதர்.

அந்த நீட்டிப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்கிறேன். வக்கீலாக அல்ல. மனுதாரர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும். எனக்காக வாதாட வேறொருவரைப் பார்த்திருக்கிறேன். 'உமக்கு இதில் என்ன பாதிப்பு' என்பதுதான் நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி. மன்றத்தில் என் வாயை அடைத்த அதே உறவுதான் இங்கே எனக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி. நீ கேட்டாயே, கேட்பது யார் என்று. சட்டப்படி, நாம்தான்.

வெல்வோம் என்று சொல்லமாட்டேன். வெளியுறவு விஷயத்தில் நீதிமன்றங்கள் தலையிடத் தயங்கும். பாதிக்கு மேல் தோற்கும் வாய்ப்பு. ஆனால் மனுவுக்கு அரசு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். மேடையில் தப்பியதுபோல் மைக்கை அணைத்துவிட்டுத் தப்ப முடியாது.

உன் பிரமாணப் பத்திரம் தேவை. மார்ச் 5ஆம் தேதி நீ எழுதிய பதில்களையே தட்டச்சு செய்து இணைத்துள்ளேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. வசவுகளை மட்டும் நீக்கியிருக்கிறேன். தூதர் போய்விட்டாலும் அங்கே நம் தூதரகத்தில் ஓர் அதிகாரி இருப்பார். அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும்.

கையெழுத்திடுவதால் உனக்கு அங்கே ஆபத்து உண்டு. அதையும் எடைபோட்டு முடிவு செய். இம்முறை எடைபோட வேண்டியது நான் அல்ல.

அண்ணன்

ஜூன் 1

அண்ணா,

உன் இரண்டு கடிதத்தையும் பிரித்தேன். முதல் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். நீ கத்தின இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

என் கோபம் போகவில்லை. பிப்ரவரியில் கேட்டிருக்க வேண்டியதை நீ மார்ச்சில் கேட்டாய். நடுவில் ஒரு கண் போயிற்று. நீ முன்னமே கேட்டிருந்தால் போயிருக்காது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் நீ கேட்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும். அதையும் வைத்துக்கொண்டு நாம் வழக்கு நடத்துவோம்.

பத்திரத்தை எடுத்துக்கொண்டு தூதரகத்துக்குப் போனோம். அங்கே இருந்தது ஒரே ஓர் அதிகாரி; தூதரின் நாற்காலியில் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார். உட்கார்ந்து, நீ நீக்கிய வசவுகளையெல்லாம் அந்தந்த இடத்தில் கையால் திருப்பி எழுதினேன். அவை இல்லாமல் அது என் வாக்குமூலம் அல்ல. யாரோ கீழே விழுந்த கதை. கடைசியில் ஒன்று புதிதாக இருக்கும். அது இவர் சொல்லி நான் எழுதியது.

சாட்சிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதியாம். மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செய்தி வாசிப்பவர் மாதிரி ஆரம்பித்தார். தூரம், துப்பாக்கி, முன்னறிவிப்பு எல்லாம் ஒரே சீராகப் போயிற்று. 'வாடகை நாக்கு' வந்ததும் சுவரில் மாட்டியிருந்த புதிய அதிபரின் படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"சத்தமா வாசிங்க சார்" என்றேன். "எனக்குக் காது கேக்கல."

அவர் என்னைப் பார்த்தார். இவர் கண்மேல் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று வாசித்தார் அண்ணா, கடைசி வரி வரைக்கும், வரவேற்பறையில் காத்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்கிற சத்தத்தில். "மானங்கெட்ட பயலுங்க" என்று முடித்து, 'படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று எழுதி, முத்திரை குத்தினார்.

இணைத்துள்ளேன். ஒரு எழுத்தையும் எடுக்காதே.

குளவி